பாட்டில் படத்தில் வைத்த லேபிள் ஏன் ஒட்டாமல் மிதக்கிறது?

கேள்வி இது: "தட்டையான லேபிள் டிசைனை பாட்டில் ஃபோட்டோவின் மேல் வைத்து, வளைத்து, நிழலும் போட்டுவிட்டேன். ஆனாலும் தனியாக வெட்டி மேலே வைத்தது போலவே இருக்கிறது. எங்கே தப்பு?"

உங்கள் படத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன்: நிழலை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு ஜாடிக்கு மூன்று நாள் நிழல் மேல் நிழலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். படம் கேட்டவர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: "ஓரத்துல இருக்கிற எழுத்து மட்டும் ஏன் குண்டா இருக்கு?" அப்புறம்தான் ஸ்கேலை எடுத்தேன்.

பாட்டிலின் விட்டம் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 220. நேராகப் பார்த்தால் தெரிவது அதில் பாதி, அதாவது 110 மி.மீ. லேபிள். (கேமரா கிட்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.) படத்தில் அதற்குக் கிடைக்கும் இடமோ 70 மி.மீ. தான். மீதி 40 எல்லா இடத்திலும் சமமாகச் சுருங்குவதில்லை. நடுக்கோட்டில் சுருக்கமே கிடையாது. அங்கிருந்து 60 டிகிரி திரும்பிய இடத்தில் எழுத்தின் அகலம் பாதியாகிவிடும். அதற்கப்பால் விளிம்பு வரை பக்கத்துக்கு 18 மி.மீ. டிசைன் இருக்கிறது, அத்தனையும் 5 மி.மீ.க்குள் நசுங்கிவிடும். ஃபோட்டோஷாப்பின் வார்ப்பில் (படத்தை வளைக்கும் வசதி) 'ஆர்க்' என்ற வில் வளைவை மட்டும் கொடுத்தால் இந்த நசுங்கல் வராது. கோடுகள் வளையும், அவ்வளவுதான். பாட்டில் திரும்பிப் போகிறது, லேபிள் திரும்பவில்லை என்று கண் கண்டுபிடித்துவிடும்.

நான் செய்வது இது. 110 மி.மீ. அகலக் கான்வாஸ் எடுத்து, டிசைன் 80 மி.மீ. தான் என்றாலும் அதை நடுவில் வைத்து, காலியிடத்தை வெள்ளையால் நிரப்பிவிடுவேன். (வெள்ளையைப் பிறகு மாஸ்க் போட்டு மறைத்துக்கொள்ளலாம்.) இல்லாவிட்டால் ஃபில்டர் அந்த 80 மி.மீ.யையே முழு அரைவட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக (உள்ளே இருக்கும் படத்தை மாற்றினாலும் மேலே செய்த வேலை அப்படியே நிற்கும் லேயர்) மாற்றி, 'டிஸ்டார்ட்' பட்டியலில் உள்ள 'ஸ்ஃபெரைஸ்' ஃபில்டரை 100-இல், 'ஹாரிசான்டல் ஒன்லி' என்று வைத்து ஓட்ட வேண்டும். பிறகு அகலத்தை மட்டும் 64 சதவீதமாக (110-இல் 70) குறைத்தால் உருளைக்கு உரிய நசுங்கல் கிட்டத்தட்ட வந்துவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஏன் என்றால், டிசைன் எப்படியும் நாலு தடவை மாறும். முதலில் டிசைனுக்குப் பதில் 10 மி.மீ. கட்டம் போட்ட படத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிடுங்கள். கட்டத்தில் தெரியும் பிழை பூப்போட்ட டிசைனில் தெரியாது.

அடுத்தது மேல், கீழ் வளைவு. இரண்டும் ஒரே அளவு வளையும் என்று நினைப்பதுதான் இரண்டாவது பெரிய தப்பு. கேமராவின் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் விளிம்பு தொங்கும் மாலை போல் வளையும். மேலே இருப்பது வில் போல் எழும்பும். கண்மட்டத்திலேயே இருந்தால் நேர்கோடு. கேமரா சற்று மேலிருந்து பார்த்தால் லேபிளின் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகம் தொங்கும். யோசித்துக் குழம்ப வேண்டாம். மூடியின் விளிம்பும் பாட்டிலின் அடியும் படத்திலேயே இருக்கின்றன. லேபிளின் வளைவு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரவேண்டும்.

வெளிச்சத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஃபோட்டோ எடுக்கும்போதே செய்துவிடுவது. லேபிள் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை வெட்டி பாட்டிலில் ஒட்டிப் படம் எடுங்கள். நிழல், பக்கவாட்டு மங்கல், தாளின் ஓரத்தில் விழும் மெல்லிய கோடு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். டிசைனை அதன் மேல் 'மல்டிப்ளை'யில் (கீழே உள்ள நிழல் டிசைனிலும் தெரியும்படி கலக்கும் முறை) வைத்தால் பாதி வேலை முடிந்தது. பளபளப்பான லேபிள் என்றால் ஒளிப்பட்டையைத் தனியாக எடுத்து 'ஸ்கிரீன்' (வெளிச்சமாக்கும் கலப்பு) லேயராக மேலே போட வேண்டும், ஏனென்றால் மல்டிப்ளை இருட்டாக்க மட்டுமே செய்யும். ஏற்கெனவே எடுத்த படம்தான் கையில் இருக்கிறது என்றால், டிசைனின் வெள்ளையை 255-இல் (அதாவது முழு வெள்ளையில்) விடாமல் கொஞ்சம் இறக்குங்கள். படத்தில் வேறு எதுவும் அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

கப் மாதிரி மேலே அகன்று கீழே குறுகும் பொருளுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அச்சுக்கூடத்திலிருந்து வரும் கோப்பே விசிறி வடிவில் இருக்கும். அதை முதலில் செவ்வகமாக நிமிர்த்த வேண்டும். நிறையக் கோணங்கள் தேவைப்பட்டால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு மாடல் செய்துவிடுவது நல்லது, கப்புக்கும் அதுதான் சுலபம். ஃபோட்டோஷாப்பின் 3டி வசதியை அடோபி 2021-லேயே கைவிடத் தொடங்கிவிட்டது. பழைய வீடியோ பார்த்து அந்த மெனுவைத் தேட வேண்டாம்.

கடைசியில் 200 சதவீதத்தில் பெரிதாக்கி லேபிளையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். வெக்டர் டிசைன் (பிக்சலால் இல்லாமல் கோடுகளால் வரைந்தது) கத்தி போல் கூர்மையாக இருக்கும், ஃபோட்டோ அப்படி இருக்காது. அரை பிக்சல் மங்கலும் துளி நாய்ஸும் (ஃபோட்டோவில் இருக்கும் பொடிப்பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் சரியாகிவிடும். அப்புறம், அந்த 10 மி.மீ. கட்டத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள். நான் ஒரு தடவை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.