மும்பை ஹையில் சரி, 2000 மீட்டரில் ஏன் தப்பு?

கேள்வி: மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் குழாய் ஆய்வு செய்த அதே கப்பல், அதே ஆர்ஓவி (கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி). இப்போது 2000 மீட்டர் ஆழத்தில், பல ஒலிக்கற்றைகளால் கடல்தரையை வரையும் மல்டிபீம் சோனார் சர்வே. போகும் லைனிலும் திரும்பும் லைனிலும் ஒரே பாறை 14 மீட்டர் தள்ளித் தள்ளி விழுகிறது. சோனாரை மறுபடி கேலிபரேட் செய்யலாமா? (வாசகர், செம்பூர்)

பதில்: சோனாரைத் தொடாதீர்கள். தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் ஆர்ஓவி ஓடும்போது, சோனார் 1 டிகிரி சாய்ந்திருந்தாலும் 44 செ.மீ.தான் பிசகும். கருவிகளுக்கிடையே நேரத் தாமதமும் காரணம் இல்லை. அரை நாட் வேகத்தில் லைனுக்கு 7 மீட்டர் பிசக 27 விநாடி தாமதம் வேண்டும்.

என் சந்தேகம் கப்பலடியில் இருக்கும் யுஎஸ்பிஎல் மீது. ஆர்ஓவி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒலியால் அளந்து இடம் சொல்வது அதுதான். அதன் பொருத்துகோணம் 0.2 டிகிரி தப்பானால் 75 மீட்டர் ஆழமுள்ள மும்பை ஹையில் 26 செ.மீ. பிழை, யார் கண்ணிலும் படாது. 2000 மீட்டரில் அதே கோணம் 7 மீட்டர். திரும்பும் லைனில் கப்பலும் முகம் திருப்பினால் பிழை மறுபக்கம் போய் 14 ஆகும். கப்பலின் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் யுஎஸ்பிஎல்லுக்கும் உள்ள தூரத்தைத் தப்பாகப் பதிந்திருந்தால் மும்பை ஹையிலேயே அகப்பட்டிருக்கும். அந்தப் பிழை ஆழத்தோடு வளராது.

ஐஎன்எஸ் (ஆர்ஓவியின் அசைவை அளந்து, யுஎஸ்பிஎல் இடத்தோடு சேர்த்துக் கணக்கிடும் கருவி) காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சிதறலை வடிகட்டும், ஒரே பக்கம் நிற்கும் பிழையை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

உறுதிசெய்ய, முதலில் புதிதாக ஒலிவேக அளவு எடுங்கள். வேலை ஆழத்திலேயே தரையில் ஒரு டிரான்ஸ்பாண்டரை (ஒலிக்குப் பதில் ஒலி தரும் கருவி) வைத்து, நேர் மேலே கப்பலை நிறுத்தி 0, 90, 180, 270 டிகிரி முகம் காட்டி, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் பதியுங்கள். நான்கு புள்ளிக்கூட்டங்களும் ஒன்றாக விழாமல் வட்டமாகச் சுற்றினால் கோணப் பிழைதான். வட்டத்தின் ஆரத்தை ஆழத்தால் வகுத்தால் கோணம் ரேடியனில் கிடைக்கும்; 57.3 ஆல் பெருக்கினால் டிகிரி. கைரோ (கப்பலின் திசைகாட்டி) திசைப் பிழை இதில் தெரியாது. அதற்கு டிரான்ஸ்பாண்டரை விட்டுச் சில நூறு மீட்டர் விலகிச் சுற்றிவர வேண்டும். துறைமுகத்தில் இந்தச் சோதனை வீண்: 15 மீட்டரில் 0.2 டிகிரி வெறும் 5 செ.மீ.

அதுவரை வேலை நிற்க வேண்டாம். எல்லா லைனிலும் கப்பல் முகத்தை ஒரே திசையில் வையுங்கள், ஆர்ஓவி மட்டும் திரும்பட்டும். முழு வரைபடமும் 7 மீட்டர் தள்ளியிருக்கும், ஆனால் பாறை இரண்டாகாது. யுஎஸ்பிஎல், கைரோ, கப்பல் சாய்வு மூன்றின் மூல அளவுகளும் பதிவாகின்றனவா என்று இன்றே பாருங்கள். இருந்தால் பழைய லைன்களையும் சரியான கோணத்தோடு மறுபடி கணக்கிடலாம்.