பழைய டாங்கிகளை மாற்றப்போகும் சிறிய நாடு: கேள்வியும் பதிலும்

36 டன் எடையுள்ள சோவியத் டாங்கி டி-55, 41 டன்னில் தொடங்கும் டி-72, 105 மி.மீ. பீரங்கி பூட்டிய ஜெர்மானிய லெப்பர்ட் 1. இவற்றில் ஏதோ ஒன்றை நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் சிறிய ராணுவங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு மாற்று தேடுவதைப் பற்றி வந்த கேள்விகள் இங்கே. ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, இருக்கிற வண்டியையே மேம்படுத்திக்கொண்டால் என்ன? புதியது வாங்கும் செலவில் ஒரு பங்குதானே ஆகும்?

பத்துப் பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் செய்யலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மேம்பாட்டில் நன்றாகப் பலன் தருபவை மூன்று: தெர்மல் கேமரா, குறிபார்க்கும் கணினி, ரேடியோ. இரவில் எதிரியை முதலில் பார்ப்பவனுக்கே வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தப் பணம் வீணாகாது. ஸ்லோவேனியா 1990களில் டி-55ஐ எம்-55எஸ் ஆக மாற்றியபோது 105 மி.மீ. பீரங்கியையும் புதிய குறிபார்க்கும் கருவியையும் பொருத்தியது. அவற்றில் 28 வண்டிகள் 2022இல் உக்ரைனுக்குப் போயின.

மாற்ற முடியாதவையும் உண்டு. உடற்கவசத்தின் அடிப்படை, ஆள் உட்காரும் இடம், குண்டு அடுக்கும் இடம் ஆகியவை வடிவமைத்த அன்றே முடிவானவை. டி-72இல் 22 குண்டுகள் தானியங்கித் தட்டில் ஆட்களின் காலடியில் சுற்றுகின்றன. எத்தனை கேமரா வைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். பின்னோக்கிச் செல்லும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 4 கி.மீ. அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை மாற்றினால் என்ஜினையும் தொட வேண்டிவரும்.

செக் குடியரசு அதைத்தான் செய்தது. டி-72எம்4சிஇசட் என்ற ரகத்தில் 1000 குதிரைத்திறன் பெர்கின்ஸ் என்ஜினும் ஆலிசன் கியர்பாக்ஸும் வந்தன. வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. ஆனால் நூற்றுக்கணக்கில் திட்டமிட்டது 30 வண்டியோடு நின்றுபோனது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத 30 வண்டிக்கு எந்தத் தொழிற்சாலை ஆண்டுக்கணக்கில் உதிரிபாகம் செய்து வைத்திருக்கும்? சிறிய நாடு முதலில் அஞ்ச வேண்டியது இதைத்தான். டாங்கி பழையதாக இருப்பதை விட, அது தனித்துப்போவது மோசம்.

கேள்வி: புதிய டாங்கிகள் ஹங்கேரிக்கு 44, டென்மார்க்குக்கு 44, லித்துவேனியாவுக்கு 44. ஏன் எல்லோருக்கும் ஒரே எண்?

பட்டாலியன் கணக்கு. பிளாட்டூன்கள் சேர்ந்தது கம்பெனி, கம்பெனிகள் சேர்ந்தது பட்டாலியன். ஒரு பிளாட்டூனுக்கு 4 வண்டி, மூன்று பிளாட்டூனுக்கு 12, கம்பெனித் தலைமைக்கு 2, ஆக 14. மூன்று கம்பெனிக்கு 42. பட்டாலியன் தலைமைக்கு 2. மொத்தம் 44.

சோவியத் முறையில் பிளாட்டூனுக்கு 3, கம்பெனிக்கு 10, பட்டாலியனுக்கு 31. பழைய 31க்குப் பதில் புதிய 31 என்று கேட்டு வாங்கினால், புதிய பயிற்சி முறைக்கும் கூட்டாளி நாடுகளின் அமைப்புக்கும் அது பொருந்தாது. எண்ணை முடிவு செய்யுமுன் படை அமைப்பை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் 44 வாங்கினால் ஒரு பட்டாலியன் களத்தில் நிற்குமா?

நிற்காது. 44 வண்டியில் சில தொழிற்சாலையில் இருக்கும், சில பட்டறையில் உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும், சில பயிற்சிப் பள்ளியில் ஓடும். நன்றாகப் பராமரிக்கும் படையில்கூட எந்த ஒரு காலையிலும் முப்பத்துச் சொச்சம் வண்டி கிளம்பினால் அது நல்ல நிலை. பள்ளிக்கு 6 முதல் 8, பழுதுபார்ப்புச் சுழற்சிக்கு பத்தில் ஒரு பங்கு என்று தனியாகக் கணக்குப் போடுங்கள்.

சிங்கப்பூர் 2006இல் ஜெர்மனியிடம் லெப்பர்ட் 2ஏ4 வாங்குவதாக அறிவித்தபோது 66 வண்டியோடு உதிரிக்கென்றே 30 வண்டிகளையும் சேர்த்துக் கேட்டது. புத்திசாலித்தனமான கொள்முதல். ஹங்கேரி 44 புதிய லெப்பர்ட் 2ஏ7 வண்டிகளோடு 12 பழைய 2ஏ4களையும் எடுத்தது. பழையவை 2020இலேயே வரத் தொடங்கியதால், புதியவை 2023இல் வருமுன் ஆட்கள் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது.

கேள்வி: எங்கள் பாலங்கள் தாங்குமா என்பதுதான் என் பெரிய கவலை. எடை இவ்வளவு கூடுகிறதே?

கவலை நியாயமானது. எடையில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் கணக்கு நில அழுத்தம். டி-55க்கு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.81 கிலோ. லெப்பர்ட் 2ஏ4க்கு 0.83. எடை 36இலிருந்து 55 டன்னாக ஏறியும் செயின் அகலமாகவும் நீளமாகவும் இருப்பதால் சேற்று வயலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே போகும்.

இரண்டாவது மொத்த எடை. பாலத்துக்கு அதுதான் கணக்கு. ஒரு கண்ணுக்குள், அதாவது இரண்டு தூண்களுக்கு இடையே, நிற்கும் முழு எடையையும் தூண்களும் உத்தரங்களும் சுமக்க வேண்டும். லெப்பர்ட் 2ஏ7, 2ஏ8 வகைகள் 60 டன்னை எளிதாகத் தாண்டுகின்றன.

செய்ய வேண்டிய வேலை இதுதான். முகாமிலிருந்து பயிற்சித் திடல், ரயில் நிலையம், எல்லை என்று ஒவ்வொரு வழியிலும் உள்ள பாலங்களையும் மதகுகளையும் பட்டியலிட்டு, ராணுவப் பொறியாளர்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் சுமை வகுப்பு, அதாவது எவ்வளவு எடை தாங்கும் என்ற எண், கொடுக்க வேண்டும். சக்கர வண்டிக்கும் செயின் வண்டிக்கும் தனித்தனி எண். இந்தப் பட்டியல் டெண்டருக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும், பின்னால் அல்ல. டாங்கியின் எடையை மட்டுமட்டாகத் தாங்கும் பாலத்தில் ஒரே நேரத்தில் ஒரே வண்டி, நடுக்கோட்டில், நடை வேகத்தில், கியர் மாற்றாமல், பிரேக் மிதிக்காமல், நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். அந்தக் கட்டாயம் இருக்கும் பாலத்தை அவசரத்தில் நம்பக் கூடாது. வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்துவிடுங்கள்.

அகலத்தையும் பாருங்கள். டி-55 3.27 மீட்டர், லெப்பர்ட் 2 ஏறக்குறைய 3.7 மீட்டர். ரயில் வேகனில் ஏற்றினால் இரு பக்கமும் வெளியே துருத்தும். குகைப்பாதை, நடைமேடை விளிம்பு, எதிர்த்தடத்து ரயில் எல்லாவற்றோடும் இடிக்காமல் போக ரயில்வேயின் சிறப்பு அனுமதி வேண்டும். முகாமின் பழைய கொட்டகைக் கதவையும் ஒருவர் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: டாங்கி தவிர வேறென்ன வாங்க வேண்டிவரும்? பட்ஜெட்டில் டாங்கி மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் டாங்கியின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வேறு வழியில்லை.

மீட்பு வண்டி: லெப்பர்ட் 1 அடிப்படையில் வந்த பழைய மீட்பு வண்டி 40 டன் எடையுள்ளது, கிரேன் 20 டன் தூக்கும். 60 டன் டாங்கி சேற்றில் வயிறு தட்டி நின்றால் அதை ஒற்றை வண்டி இழுக்க முடியாது. புதிய டாங்கிகளின் டரட், அதாவது மேலே சுழலும் கூடு, 20 டன்னை நெருங்குகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. லெப்பர்ட் 2 உடலில் கட்டிய பஃபல் மீட்பு வண்டிக்கு 35 டன் வின்ச் (கம்பி சுற்றி இழுக்கும் பொறி), 30 டன் கிரேன். கம்பெனிக்கு ஒன்று, பட்டாலியனுக்கு ஒன்றிரண்டு என்று 4 அல்லது 5 வேண்டும்.

எரிபொருள்: லெப்பர்ட் 2இன் தொட்டி ஏறக்குறைய 1,160 லிட்டர். 44 வண்டியை ஒருமுறை நிரப்ப 51,000 லிட்டர். டர்பைன் என்ஜின் கொண்ட எம்1 ஏப்ரம்ஸுக்கு 1,900 லிட்டர், அதாவது 44 வண்டிக்கு 83,600. உங்களிடம் உள்ள டேங்கர் லாரிகளை எண்ணிவிட்டு டாங்கியின் பெயரை முடிவு செய்யுங்கள்.

இவற்றோடு பாலம் விரிக்கும் வண்டி 2 முதல் 4, பெரிய டிரெய்லர் லாரிகள், துப்பாக்கிச்சூட்டு சிமுலேட்டர், சோதனைக் கருவிகள், பட்டறையில் கனமான மேல்கிரேன், 60 டன் தாங்கும் தளம். செயின் திரும்பும்போது சாதாரண கான்கிரீட் தளம் ஒரே ஆண்டில் பொடிந்துவிடும்.

கேள்வி: வேறு நாடு கழித்த டாங்கிகளை மலிவாகத் தருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

எங்கே, எப்படி நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஸ்பெயின் சரகோசாவில் நிறுத்தி வைத்திருந்த லெப்பர்ட் 2ஏ4களைப் பற்றி 2022இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே நிலைமை படுமோசம் என்றார். பிறகு பழுதுபார்த்துத்தான் 2023இல் 10 வண்டிகளை உக்ரைனுக்கு அனுப்ப முடிந்தது. ஓடாத டாங்கி ஓடும் டாங்கியைவிட வேகமாகக் கெடும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், ஹைட்ராலிக் எண்ணெய் கசியும், வயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும், கண்ணாடிக்குள் ஈரம் ஏறும்.

நேரில் போகும் குழு செய்ய வேண்டியவை:

- என்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க விடாதீர்கள். குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பாருங்கள். என்ஜின், கியர்பாக்ஸ் எண்ணெயில் மாதிரி எடுத்து உலோகத்தூள் சோதனைக்கு அனுப்புங்கள்.
- பீரங்கிக் குழலின் உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள். குண்டு அறைக்குச் சற்று முன்னால் உள்ள பகுதிதான் முதலில் அரிக்கும். சுட்ட குண்டுகளின் பதிவேட்டோடு அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவேடு இல்லாத குழலை மாற்ற வேண்டிய குழலாகவே விலை பேசுங்கள்.
- ஒரு டரட்டை அன்றிரவு முழுக்க அப்படியே விட்டு, குழல் தானாகத் தாழ்ந்திருக்கிறதா, கீழே எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.
- 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஒவ்வொரு ரோடு வீல், அதாவது செயின் மேல் உருளும் சக்கரத்தின், மையத்திலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போய்விட்டது. ஒரு வீல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து தொங்கினால் அதைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற ஸ்பிரிங் கம்பி தளர்ந்திருக்கிறது.

எத்தனை வண்டியை வெட்டி உதிரிபாகமாக்குவது என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். மூன்றில் ஒன்று என்றால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

கேள்வி: 105இலிருந்து 120 மி.மீ.க்குப் போனால் வெடிமருந்துக் கிடங்கை மாற்ற வேண்டுமா?

கண்டிப்பாக. 105க்குப் பித்தளை போன்ற உலோக உறை. தரையில் தட்டினாலும் நெளியுமே தவிர வேறொன்றும் ஆகாது. 120க்குச் சுட்டவுடன் எரிந்துபோகும் உறை, அடித்தட்டு மட்டும் உலோகம். அந்த உறை ஈரத்தை உறிஞ்சும், விளிம்பில் இடித்தால் விரியும். விரிந்த உறை பீரங்கியின் குண்டு அறைக்குள் சிக்கிக்கொள்ளும் அல்லது மருந்தைச் சிந்தும். ஈரப்பத அளவி பொருத்திய கிடங்கும், பெட்டியைத் திறந்தபின் எத்தனை நாளில் பயன்படுத்துவது என்ற ஒழுங்கும் வேண்டும். பழைய 105 பீரங்கிக்குக் குண்டு நிரப்பிவந்த லோடர்களின் கை வேகத்தை மாற்றுவதற்கே தனிப் பயிற்சி கொடுங்கள்.

அளவு: லெப்பர்ட் 2க்கு 42 குண்டு. 44 வண்டிக்கு ஒருமுறை நிரப்ப 1,848. மூன்று நிரப்பு இருப்பு என்றால் 5,544. பயிற்சிக் குண்டு இதில் சேராது.

அம்பு வடிவக் குண்டு குறி தவறினால் பல பத்து கி.மீ. பறக்கும். சிறிய நாட்டின் திடல் அதற்குப் போதாது. கூம்பு வால் கொண்ட பயிற்சிக் குண்டு சீக்கிரமே வேகம் இழந்து விழும், அதையே வாங்குங்கள்.

கேள்வி: ஆள் பற்றாக்குறை. தானாகக் குண்டு நிரப்பும் மூன்று பேர் டாங்கி நல்லதா?

44 வண்டிக்கு 44 பேர் மிச்சம், உண்மை. தென்கொரிய கே2 அப்படிப்பட்டது, நல்ல டாங்கி. ஆனால் செயின் கழன்றால் மாட்டுவது, இரவுக் காவல், எண்ணெய் மாற்றம் எல்லாம் மூன்று பேர் தலையில் விழும். மிச்சமான ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பராமரிப்புப் பிரிவில் சேர்ப்பதாக இருந்தால் சரி.

கேள்வி: யாரிடம் வாங்குவது? விலை குறைவானவரிடமா?

போர் வந்தால் உங்களுக்கு உதிரிபாகம் அனுப்பக்கூடியவரிடம். தாய்லாந்து 2011இல் உக்ரைனிடம் 49 ஓப்லாட் டாங்கிகள் கேட்டது. 2014இல் அங்கே போர் மூண்டது, கடைசி வண்டிகள் 2018இல்தான் வந்து சேர்ந்தன. இடையிலேயே 2016இல் தாய்லாந்து சீனாவின் விடி-4ஐ வாங்கத் தொடங்கியது. ஒரே படையில் இரண்டு வகை, இரண்டு பயிற்சி, இரண்டு உதிரிக்கிடங்கு.

மறுவிற்பனை உரிமையையும் படித்துப் பாருங்கள். 2023இல் சுவிட்சர்லாந்து, தன் அரசு நிறுவனமான ருவாக்கிடம் இருந்த 96 லெப்பர்ட் 1 டாங்கிகளை உக்ரைனுக்குப் போக விடவில்லை. நாளை நீங்கள் விற்கவோ கொடுக்கவோ நினைத்தாலும் தயாரித்த நாட்டின் கையெழுத்து வேண்டும்.

ஒப்பந்தத்தில் விடக் கூடாதவை: இரண்டு ஆண்டு உதிரிபாகம் முதல் வண்டியோடே வர வேண்டும், பழுதுநூல் உங்கள் மொழியில் வேண்டும், உற்பத்தி நிற்கப்போகும் பாகங்களுக்குக் கடைசி ஆர்டர் போட முன்னறிவிப்பு வேண்டும், உங்கள் ரேடியோவைப் பொருத்தும் செலவு யாருடையது என்று எழுதியிருக்க வேண்டும். பவர்பேக் எனப்படும் என்ஜின்-கியர்பாக்ஸ் தொகுதியைக் குறைந்தது பத்து வண்டிக்கு ஒன்று உபரியாகக் கேளுங்கள். லெப்பர்ட் 2இல் அதைக் கிரேன் வைத்துக் கழற்றி மாற்ற முக்கால் மணி நேரம் போதும். டி-72இல் அது ஒரு நாளைத் தின்னும் வேலை. இந்த வசதிக்காகத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறீர்கள். உபரித் தொகுதி இல்லையென்றால் அந்த வசதியால் பயனில்லை.

கேள்வி: இந்த ட்ரோன் காலத்தில் டாங்கியே எதற்கு? ஒழித்துவிடலாமே?

நெதர்லாந்து 2011இல் ஒழித்தது. 2014இல் 100 லெப்பர்ட் 2ஏ6களை பின்லாந்துக்கு விற்றது. பிறகு ஜெர்மனியிடம் 18 வண்டியைக் குத்தகைக்கு எடுத்து, ஜெர்மானியப் பட்டாலியனுக்குள் தன் ஆட்களை வைத்துக் கலையை உயிரோடு காத்தது. 2024இல் மறுபடி சொந்தப் பட்டாலியன் என்று முடிவெடுத்து, புதிய 2ஏ8 வண்டிகள் 46ஐ வாங்குகிறது. அந்த 18 வண்டி இல்லாமல் போயிருந்தால் பயிற்றுநர், பழுதுபார்ப்பவர் என்று எல்லாரையும் அடியிலிருந்து உருவாக்க வேண்டியிருந்திருக்கும்.

ட்ரோன் மெய்யான அச்சுறுத்தல். மேற்கவசம் மெல்லியது, அங்கேதான் அடிக்கிறார்கள். எதிர்வரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் ட்ரோஃபி போன்ற கருவி, ட்ரோன் சமிக்ஞையைக் குழப்பும் கருவி, கூரைக் கூண்டு எல்லாவற்றுக்கும் எடையும் மின்சாரமும் வேண்டும். வாங்கும்போதே இரண்டு மூன்று டன் உபரித் தாங்குதிறனும், தேவைக்கு மேல் ஜெனரேட்டர் திறனும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: முதல் புதிய வண்டி வந்ததும் பழையவற்றை உடனே கழிக்கலாமா?

கூடாது. புதிய முதல் கம்பெனி இரவுச் சுடுபயிற்சியில் தேறும்வரை பழைய கம்பெனிகளில் ஒன்றாவது முழு இருப்போடு நிற்கட்டும். மற்றவற்றை வரிசையாகப் பிரித்து, நல்ல குழல்களையும் ரோடு வீல்களையும் அந்தப் பழைய கம்பெனிக்கு ஒதுக்குங்கள். ஓடாத உடல்களில் நாலைந்தை மீட்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் தலைகுப்புறத் தள்ளிவிட்டு வின்ச் கட்டிப் பழக, புதிய டாங்கியை யாரும் தர மாட்டார்கள். கழிக்கும் வண்டியிலிருந்து எண்ணெய், பேட்டரி, தீயணைப்பு வாயு உருளைகளை முதலில் இறக்கி, குழலில் குண்டு இல்லை என்பதை இருவர் தனித்தனியே பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெட்டும் டார்ச் உள்ளே போக வேண்டும்.