கணினி கேள்வி-பதில்: மடிக்கணினியில் எந்த ஆப்டிகல் டிரைவ்?

கேள்வி: எனக்கு வேண்டிய பாகங்களை நானே தேர்ந்தெடுத்து ஒரு மடிக்கணினிக்கு ஆர்டர் கொடுக்க இருக்கிறேன். சிடி, டிவிடி போன்ற வட்டுகளைப் படிக்கும் ஆப்டிகல் டிரைவுக்கான இடத்தில் டிவிடி ரைட்டர், ப்ளூ-ரேயைப் படித்து டிவிடியை மட்டும் எழுதும் காம்போ டிரைவ், ப்ளூ-ரே ரைட்டர், டிரைவுக்குப் பதிலாக இரண்டாவது ஹார்ட் டிஸ்க் என்று நான்கு தேர்வுகள் உள்ளன. வீட்டில் பழைய குடும்ப வீடியோக்கள் பதிந்த டிவிடிகள் நிறைய இருக்கின்றன. வாங்கிய ப்ளூ-ரே படங்களும் சில உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஆர்டர் படிவத்தில் கடைசியாக இருப்பதுதான் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உங்களிடம் எந்த வகை வட்டுகள் இருக்கின்றன, அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கொண்டே இதை முடிவு செய்ய வேண்டும். சிடியில் 700 எம்பி, ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, ஈரடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி, ஓரடுக்கு ப்ளூ-ரேயில் 25 ஜிபி, ஈரடுக்கு ப்ளூ-ரேயில் 50 ஜிபி கொள்ளும். சிடிக்கு 780, டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் தேவைப்படுவதால், டிவிடி ரைட்டரில் எந்த மென்பொருளை நிறுவினாலும் அது ப்ளூ-ரேயைப் படிக்காது. மறுபுறம், ப்ளூ-ரே ரைட்டர்கள் பொதுவாக சிடி, டிவிடி ஆகியவற்றையும் படித்து எழுதும்.

குடும்ப வீடியோக்களைப் பொறுத்தவரை, நான்கில் மிக எளிய டிவிடி ரைட்டரே போதுமானது. அந்த வட்டுகளை நீங்கள் இனி அடிக்கடி போட்டுப் பார்க்கப் போவதில்லை. ஒருமுறை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வீட்டில் எழுதப்பட்ட டிவிடிகளில் தகவல் ஒரு சாய அடுக்கில்தான் பதிந்திருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் பட்டு அது மெல்ல மெல்லச் சிதையும். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் வட்டை வேறொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. ஆகவே ஒரு முறை தோற்றதும் வட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. டிவிடி ரெக்கார்டரிலோ கேம்கார்டரிலோ பதிந்து, இறுதியாக்கம் (பிற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைப்பது) செய்யப்படாமல் விடப்பட்ட வட்டுகள் கணினியில் வெற்று வட்டாகத் தெரியக்கூடும். அவற்றைப் பதிந்த கருவி இன்னும் இயங்குமானால், அதில் போட்டு இறுதியாக்கிவிட்டுக் கணினிக்குக் கொண்டுவாருங்கள்.

ப்ளூ-ரே படங்களுக்குக் காம்போ டிரைவ் போதும் என்பது பாதி உண்மைதான். இந்த வட்டுகள் நகலெடுப்பைத் தடுக்க மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டவை. விண்டோஸிலும் மேக்கிலும் அவற்றை இயக்கும் வசதி உள்ளடங்கி வருவதில்லை. உரிமம் பெற்ற பிளேயர் மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும். வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பதானால் அந்தத் திரையும் எச்டிசிபி என்ற நகலெடுப்புத் தடுப்புப் பாதுகாப்பை ஏற்க வேண்டும். 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே வட்டுகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றை உரிமத்தோடு கணினியில் இயக்க எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி பிராசசரில் தேவை. மடிக்கணினிகளுக்கான புதிய கோர் பிராசசர்களில் இன்டெல் அதை விட்டுவிட்டது. எனவே 4கே வட்டு பார்ப்பதற்காக மடிக்கணினியில் டிரைவ் கேட்பது வீண் செலவு. தொலைக்காட்சியோடு இணைக்கும் தனி பிளேயர்தான் அதற்கு ஏற்றது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் நிலையில் நான் அந்த உள்ளிடத்தை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுத்துவிட்டு, யுஎஸ்பியில் இணையும் வெளி டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்குவேன். உள்ளே பொருத்திய டிரைவை, பயன்படுத்தாத நாளிலும் சுமந்துகொண்டே திரிய வேண்டும். வெளி டிரைவை மேசையில் விட்டுச் செல்லலாம், பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், அடுத்த கணினியிலும் பயன்படுத்தலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ப்ளூ-ரே வட்டில் எழுதும்போது டிரைவ் கூடுதல் மின்சாரம் இழுக்கும். யுஎஸ்பி 2.0 இணைப்பு 500 மில்லி ஆம்பியரும், 3.0 இணைப்பு 900 மில்லி ஆம்பியரும் தரும் என்பதால், டிரைவை 3.0 இணைப்பில் நேரடியாகப் பொருத்துங்கள்; மின்சாரம் போதாவிட்டால் எழுதும் பணி நடுவில் நின்று வட்டு வீணாகும்.

மாறாக, நாள்தோறும் வெளியிடங்களில் வட்டு எழுதிக் கொடுக்க வேண்டிய தொழிலில் இருப்பவர்கள் உள் டிரைவையே கேட்பது நல்லது. தொங்கும் கேபிளும் தனிப் பெட்டியும் அவர்களுக்குத் தொல்லையாகவே இருக்கும்.

கேள்வி: டிரைவ் இல்லாமல் வாங்கிவிட்டு, பிறகு தேவைப்பட்டால் உள்ளே பொருத்திக்கொள்ள முடியுமா?

பதில்: சில மாதிரிகளில் முடியும், சிலவற்றில் முடியாது. மடிக்கணினி டிரைவுகள் பெரும்பாலும் 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. உங்கள் கணினி எதற்கு இடம் விட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவின் முன் மூடியும் பின்புறத் தாங்கியும் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடுவதால், டிரைவ் மட்டும் கிடைத்தால் போதாது. ஆகவே ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்பே, அந்த இடத்தில் இணைப்பான் இருக்குமா, பின்னர் பொருத்தினால் உத்தரவாதம் செல்லுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வட்டைத் தட்டில் வைக்கும் டிரைவ், பிளவில் செருகும் டிரைவ் இரண்டில் எது மேல்?

பதில்: தட்டு வகையைத்தான் பரிந்துரைப்பேன். பிளவு வகை பார்க்க அழகாக இருந்தாலும், பொதுவாக 12 சென்டிமீட்டர் வட்டுகளை மட்டுமே ஏற்கும். டிவிடி கேம்கார்டர்களில் பயன்பட்ட 8 சென்டிமீட்டர் சிறு வட்டுகள் உங்களிடம் இருந்தால் அவற்றை அதில் செருகவே கூடாது. உள்ளே சிக்கிக்கொண்டால் டிரைவைக் கழற்ற வேண்டியிருக்கும். தட்டு வகையில் அவற்றுக்கென உட்குழிவோ, வட்டைப் பிடித்துக்கொள்ளும் நடுக்குமிழோ இருக்கும்.

கேள்வி: புகைப்படங்களைப் பல ஆண்டுகள் பாதுகாக்க ப்ளூ-ரே ரைட்டர் வாங்கலாமா?

பதில்: மாற்றி எழுத முடியாத நகல் ஒன்று இருப்பதில் உண்மையான பயன் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்பை வைரஸ் அழிக்கலாம், நாமே தவறுதலாக அழிக்கலாம்; ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய பிடி-ஆர் என்ற ப்ளூ-ரே வட்டில் அது நேராது. வாங்கும்போது கரிமச் சாயத்தைப் பயன்படுத்தும் எல்டிஎச் வகையைத் தவிர்த்து, கனிமப் பதிவு அடுக்குள்ள வட்டைக் கேளுங்கள். எம்-டிஸ்க் என்ற நீண்டகால வட்டில் டிவிடி வகையை எழுத, அதற்கென ஆதரவு குறிக்கப்பட்ட டிரைவே வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆனால் வேகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும். ப்ளூ-ரேயின் 1எக்ஸ் (அடிப்படை) வேகம் நொடிக்கு 4.5 எம்பி. 6எக்ஸ் என்று குறித்த டிரைவ் அந்த உச்ச வேகத்தை வட்டின் வெளி ஓரத்தில்தான் எட்டும் என்பதால், 25 ஜிபி வட்டை எழுத கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். எழுதியதைச் சரிபார்க்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் தேவை. அந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். மேலும் 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் எழுதத்தக்க ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மற்றவர்களின் வட்டுகள் கிடைத்தாலும், காலப்போக்கில் தேர்வு குறுகும் என்றே கொள்ள வேண்டும். ஆகவே ப்ளூ-ரேயை ஒரே காப்பாக நம்பாமல், வேறோர் இடத்தில் வைத்த ஹார்ட் டிஸ்க்குடன் சேர்ந்த இரண்டாவது நகலாக மட்டும் வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு டிவிடியைப் போட்டதும் மண்டலத்தை (டிரைவ் எந்த உலகப் பகுதிக்கான வட்டுகளை ஏற்கும் என்ற குறியீட்டை) மாற்றச் சொல்லிக் கேட்கிறது. மாற்றலாமா?

பதில்: எண்ணிப் பார்த்து மாற்றுங்கள். டிவிடி டிரைவில் மண்டலக் குறியீட்டைப் பயனர் 5 முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே அது நிலைத்துவிடும். அந்தக் கணக்கை டிரைவே தன்னுள் வைத்திருப்பதால், விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் கணக்கு பழையபடி ஆகாது. இரு மண்டல வட்டுகளையும் தொடர்ந்து பார்ப்பவராக இருந்தால், உள் டிரைவை ஒரு மண்டலத்துக்கும் மலிவான வெளி டிரைவ் ஒன்றை மற்றதற்கும் ஒதுக்கிவிடலாம்.