முற்றிய மார்பகப் புற்றுநோய்: மருந்தை எப்போது மாற்றுவது? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவின் கல்லீரல் கட்டி 3 மாதத்தில் 21 மி.மீ.யிலிருந்து 24 ஆகிவிட்டது. மருந்து கைவிட்டுவிட்டதா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று ஸ்கேனில் அளக்கும் சர்வதேச விதியான ரெசிஸ்ட் 1.1 அளவுகோல்படி, தேர்ந்தெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்ட வேண்டும் (மொத்தம் 5, ஓர் உறுப்பில் 2 வரை). அந்தக் கூட்டுத்தொகை 20 சதவீதமாவது ஏற வேண்டும், அதோடு 5 மி.மீ.யாவது ஏறியிருக்கவும் வேண்டும். இங்கே ஏறியது 14 சதவீதம், 3 மி.மீ. ஸ்கேனில் கோடு போட்டு அளப்பவர் கை சற்றே சாய்ந்தாலும் இவ்வளவு வரும்.

பலர் சறுக்குவது எதோடு ஒப்பிடுவது என்பதில். கூட்டுத்தொகை தொடக்கத்தில் 80 மி.மீ., பிறகு 50, இப்போது 61 என்றால், '80-ஐவிடக் குறைவுதானே' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கு, தொட்ட மிகக் குறைந்த அளவான 50-இலிருந்து. அது வளர்ச்சிதான். மற்றவை சுருங்கியிருந்தாலும், சந்தேகமில்லாத புதுக் கட்டி வந்தால் அதுவும் வளர்ச்சிதான்.

கேள்வி: புது மருந்து தொடங்கி 5 வாரம். சிஏ 15-3 (இரத்தத்தில் அளக்கும் புற்றுநோய் மார்க்கர்) ஏறியிருக்கிறது. மாற்றலாமா?

பதில்: வேண்டாம். முதல் 4–6 வாரங்களில் மார்க்கர் பொய்யாக ஏறலாம், கல்லீரல் கோளாறிலும் ஏறும். மறுபடி எடுத்து, ஸ்கேனோடு சேர்த்துப் பாருங்கள். மார்க்கரை மட்டும் நம்பி ஒரு மருந்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: வலி குறைந்திருக்கிறது, ஆனால் எலும்பு ஸ்கேனில் புதுப் புள்ளிகள்?

பதில்: ஆறும் எலும்பும், ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான டெக்னீஷியத்தை அதிகமாக இழுக்கும். முதல் சில மாதங்களில் இது சகஜம். சிடி ஸ்கேனில் எலும்பின் பழைய அரிப்பின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தால், ஆறுகிறது என்று பொருள். அடுத்த ஸ்கேனிலும் புள்ளிகள் பெருகினால் கதை வேறு.

கேள்வி: பால்போசிக்லிப் மாத்திரையில் இரத்த வெள்ளணுக்கள் குறைகின்றன. வேறு மருந்தா?

பதில்: இது தோல்வி இல்லை. இடைவெளி விட்டு, 125-இலிருந்து 100, பிறகு 75 மி.கி. என்று டோஸைக் குறைப்பார்கள்.

கேள்வி: ஸ்கேன் அப்படியே இருக்கிறது, இரத்தத்தில் இஎஸ்ஆர்1 திரிபு (ஹார்மோன் மருந்துக்கு எதிர்ப்பு தரும் மரபணு மாற்றம்) தெரிகிறது. ஸ்கேன் கெடும்வரை காத்திருப்பது மடத்தனம் இல்லையா?

பதில்: இல்லை. 2025-இல் வெளியான செரீனா-6 ஆய்வில், அரோமட்டேஸ் தடுப்பியை (ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து) காமிசெஸ்ட்ரன்டாக (ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தாக்கும் மாத்திரை) மாற்றியவர்களுக்கு நோய் வளராத காலத்தின் இடைநிலை 16 மாதம், மாற்றாதவர்களுக்கு 9.2. ஆனால் மாற்றாதவர்களுக்கு நோய் வளர்ந்த பிறகு காமிசெஸ்ட்ரன்ட் தர ஆய்வில் வழி வைக்கவில்லை. முன்கூட்டித் தருவதா, வளர்ந்தபின் தருவதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அவரே மறுபடியும்: 16 என்பது 9-ஐவிட நல்லதுதானே?

பதில்: மருந்தை முன்கூட்டியே தந்தால் நோய் வளராத காலம் என்ற எண் பெரிதாகலாம், ஆயுள் கூடியதா என்பது வேறு கணக்கு. 2014-இல் வெளியான எஸ்0500 ஆய்வில், இரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களைப் பார்த்து முன்கூட்டியே கீமோவை மாற்றியும் ஆயுள் கூடவில்லை.

இன்னொருவர்: அது குறிப்பிட்ட இலக்கில்லாத கீமோ. இங்கே எதிர்ப்பின் காரணமே தெரியுமே?

பதில்: நியாயமான வாதம். அதனால்தான் வாசலை மூடவில்லை. ஆனால் இருப்பில் உள்ள ஒரு மருந்தை முன்கூட்டியே செலவழிக்கிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: சிஇஏ மார்க்கர் ஏறுகிறது, மாற்றலாமா?

பதில்: சிஏ 15-3 பற்றி மேலே சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி: உணவு முறை?

பதில்: என் துறை இல்லை. உணவியலாளரைக் கேளுங்கள்.

கேள்வி: டிராஸ்டுஜுமாப் டெருக்ஸ்டெகான் ஊசியில் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. ஒரு வாரமாக வறட்டு இருமல். அடுத்த ஸ்கேனில் சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: இன்றே கூப்பிடுங்கள். அது நுரையீரல் அழற்சி என்று தெரிந்து, அறிகுறியோடு அந்த அழற்சியின் தீவிரம் 2-ஆம் படியிலோ அதற்கு மேலோ இருந்தால், கட்டி எவ்வளவு சுருங்கியிருந்தாலும் அந்த மருந்து நிரந்தரமாக நிறுத்தப்படும்.