செர்ரி மரத்தில் ஒட்டடை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செர்ரி மரத்தின் கவட்டையில், ஏப்ரலிலிருந்து வெள்ளை ஒட்டடை போல ஒன்று பெருத்துக்கொண்டே வருகிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் கம்பளிப்பூச்சிகள். பாதி இலை போய்விட்டது. பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதலில் அவரிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள். புழு தின்ற இலை திரும்பத் துளிர்க்கும், வெந்த பட்டை துளிர்க்காது.

கறுப்பு உடம்பு, முதுகில் நேராக ஒரு வெள்ளைக் கோடு, பக்கவாட்டில் நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா? அப்படியானால் அது கிழக்குக் கூடாரக் கம்பளிப்பூச்சி. (கோடை முடிவில் கிளை நுனியில் வலை பின்னுவது வேறு இனம்.) மாலைக்குள் கூட்டை எடுத்துவிடலாம் என்று நானும் முதல் வருஷம் மதியம் மூன்று மணிக்குப் போய்க் கிழித்தேன். பாதிப் புழு வீட்டிலேயே இல்லை! விடிவதற்குச் சற்று முன், பிற்பகல், பொழுது சாய்ந்தபின் என்று மூன்று வேளை மேய்ச்சலுக்குப் போகும் கூட்டம் அது. போகிற வழியெல்லாம் வாசனைத் தடம் வைத்துக்கொண்டு போகும், நல்ல இலையைக் கண்ட புழுவின் தடத்தைப் பிடித்து மற்றவையும் போய்ச் சேரும். மழையும் குளிருமான நாளில் எல்லாம் உள்ளேயே அடைந்து கிடக்கும். அதுதான் உங்களுக்கு நேரம். நீளக் குச்சியில் கூட்டைச் சுருட்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், போதும்.

எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். மே கடைசியில் அவை தாமாகவே இறங்கிப் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். குயில் இனப் பறவைகளுக்கும் இந்த முடிப்புழு விருந்துதான்.

பக்கத்தில் யாராவது குதிரை வளர்த்தால் மட்டும் விஷயம் வேறு. 2001 வசந்தத்தில் கென்டக்கியில் ஏராளமான பெண்குதிரைகளுக்குக் கரு கலைந்தது. புல்லோடு இந்தப் புழுக்களும் வயிற்றுக்குள் போனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

அந்தக் கூட்டுப்புழுவிலிருந்து கோடையில் வரும் பழுப்பு அந்துப்பூச்சி எதையும் தின்னாது. சில நாள் இருந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். இலை உதிர்ந்ததும் மெல்லிய குச்சிகளைப் பாருங்கள். கறுப்பு வார்னிஷ் பூசியது போல ஒரு பட்டை சுற்றியிருக்கும், அதில் இருநூறு, முந்நூறு முட்டை. நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். கணவரை அந்த வேலைக்கு அனுப்புங்கள்.