போக்கிடம் இல்லாத வாடிக்கையாளர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இணையச் சேவைகள் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன: நன்றாக இருந்தது கெட்டுவிட்டது. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மருந்தின் பெயரையோ பழைய பாடல் வரியையோ தேடுபொறியில் இட்டால் முன்பெல்லாம் முதல் இரண்டு மூன்று விடைகளுக்குள் வேண்டியது கிடைத்துவிடும். இப்போது திரை முழுவதும் விளம்பரமும் உப்புச் சப்பில்லாத பக்கங்களுமாக இருக்கிறது. வயதாவதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

உங்கள் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்படி நடக்கும் என்று முதலில் எழுதியவர்களே கூகுளை உருவாக்கியவர்கள்தாம். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த செர்கே பிரின்னும் லாரி பேஜும் தங்கள் தேடுபொறியை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடுபவரின் தேவையைவிட்டு விலகிப்போகும் என்று அதன் பின்னிணைப்பில் அவர்கள் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்கள். 2000-இல் அவர்களுடைய நிறுவனமே விளம்பரங்களை விற்கத் தொடங்கியது.

தொடக்கத்தில் அந்த விளம்பரங்களைத் தனி நிறப் பின்னணியில் காட்டினார்கள். எது விளம்பரம், எது விடை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. 2013 வாக்கில் அந்தப் பின்னணி போய்ச் சிறிய மஞ்சள் நிறக் குறி மட்டும் மிஞ்சியது. 2016-இல் அந்தக் குறியையும் பச்சையாக்கினார்கள். விடைகளின் கீழே இணைய முகவரியை எழுதியிருந்ததும் அதே பச்சையில்தான். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் அற்பமானது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் நடந்தன என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்க நீதித்துறை 2020-இல் கூகுள் மீது தொடுத்த வழக்கில், அந்நிறுவனம் தேடல் சந்தையில் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைத் தக்கவைத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருக்க வேண்டும் என்பதற்காக, 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலரை அந்நிறுவனம் பிறருக்குக் கொடுத்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அத்தீர்ப்பில் உள்ள வேறொரு செய்தி. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருவாய் குறையுமா என்று 2020-இல் கூகுள் தனக்குள்ளேயே ஓர் ஆய்வு நடத்திப் பார்த்திருக்கிறது. குறையாது என்பதே அதில் கிடைத்த விடை. தரம் கெட்டாலும் வாடிக்கையாளர் போய்விட மாட்டார், ஏனென்றால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நீங்கள் திரையில் பார்த்து வருந்துவதன் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எல்லாப் பழியையும் அந்த ஒரு நிறுவனத்தின் மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கங்களைத் தேடுபொறி எந்தக் கணக்கில் வரிசைப்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு, முதல் பக்கத்தில் இடம்பிடிப்பதற்காகவே எழுதித் தள்ளப்படும் வெற்றுப் பக்கங்கள் ஏராளம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் அவற்றைத் தயாரிக்க ஆள்கூடத் தேவையில்லை. ஆயினும் இந்தக் குப்பையைச் சலித்துத் தருவதுதான் தேடுபொறியின் வேலை.

ஆண்டுச் சந்தா கட்டித்தான் படம் பார்க்கிறேன். அதிலும் இப்போது இடையிடையே விளம்பரம் வருகிறது. இது முறையா? சந்தாவை நிறுத்தலாம் என்றால் அதற்கான பொத்தானையே கண்டுபிடிக்க முடியவில்லை.
– இல்லத்தரசி, ஈரோடு

முறையல்ல என்பதே என் கருத்து. ஆனால் இது பரவலான வழக்கமாகிவிட்டது. அமேசானின் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும், 2025 ஜூன் 17 முதல் இந்தியாவிலும் சந்தாதாரர்களுக்கே விளம்பரம் காட்டத் தொடங்கியது. விளம்பரமில்லாமல் பார்க்க ஆண்டுக்கு 699 ரூபாயோ மாதத்துக்கு 129 ரூபாயோ கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. முன்பு சந்தாவிலேயே அடங்கியிருந்த ஒன்றைத் தனியே பிரித்து, அதையே நமக்குத் திரும்ப விற்பதற்குப் பெயர் கட்டண உயர்வுதான்.

நிறுத்தும் பொத்தான் கிடைக்காததும் உங்கள் கவனக்குறைவு அல்ல. பிரைம் சந்தாவை நிறுத்தும் வழியை அமேசான் ஊழியர்கள் தங்களுக்குள் 'இலியட்' என்று அழைத்தார்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தபோது கூறியது. கிரேக்கர்களின் அந்த நீண்ட போர்க் காவியத்தைப் போல, நான்கு பக்கங்களும் ஆறு சொடுக்குகளும் பதினைந்து தெரிவுகளும் கடந்தால்தான் வெளியே வர முடிந்ததாம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. நம் நாட்டிலும் இத்தகைய சந்தாப் பொறி, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த பதின்மூன்று ஏமாற்று உத்திகளுள் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நீங்கள் தாராளமாகப் புகார் செய்யலாம்.

நிறுவனம் என்றால் லாபம் பார்க்கத்தானே செய்யும்? இலவசமாகக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டுவிட்டு, இப்போது தரம் குறைந்துவிட்டது என்று குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நியாயமான கேள்வி, சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோக நான் விரும்பவில்லை. லாபம் பார்ப்பது தவறல்ல. இலவசமாகக் கொடுத்தது யார் பணத்தில், எதற்காக என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-க்குப் பின் பல ஆண்டுகள் அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருந்தது. அந்த மலிவான முதலீட்டைக் கொண்டு, அடக்க விலைக்கும் கீழே சேவையைக் கொடுத்து, போட்டியாளர்களைத் தாக்குப்பிடிக்க முடியாமல் செய்து, கூட்டத்தைச் சேர்த்துக்கொள்வதே பல நிறுவனங்களின் திட்டமாக இருந்தது. 2022 மார்ச்சிலிருந்து வட்டி ஏறத் தொடங்கியதும் முதலீட்டாளர்கள் லாபத்தைக் கேட்டார்கள். அப்போது சேவையை மேம்படுத்திச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் பல நிறுவனங்களுக்கு இல்லை. சேர்த்த கூட்டத்தைக் கறந்தாலே போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளுக்குள் நடந்ததையே பாருங்கள். 2023, 2024 ஆண்டுகளின் ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாக ஒளிபரப்பியது. 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமும் ஹாட்ஸ்டாரை நடத்திய ஸ்டார் இந்தியாவும் ஒன்றாகின. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த ஆண்டின் ஆட்டங்களை முழுதாகப் பார்க்கச் சந்தாவோ, சந்தா சேர்ந்த கைபேசித் திட்டமோ தேவைப்பட்டது. போட்டி இருந்தவரை இலவசம், இரண்டும் ஒன்றானபின் கட்டணம் என்ற வரிசை தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மக்கள் காசு கொடுக்க மறுத்ததால்தான் இந்த நிலை என்பதும் சரியல்ல. வாட்ஸ்அப் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் வைத்திருந்தது. 'விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம்' என்ற பொருளில், அதை நிறுவியவர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டன் எழுதிய ஒரு சீட்டை, அவருடைய கூட்டாளி ஜான் கூம் தம் மேசையில் ஒட்டிவைத்திருந்தார். 2014-இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 தொடக்கத்தில் கட்டணத்தை நீக்கினார்கள்; அதே ஆண்டு ஆகஸ்டில் பயனர்களின் தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிர்வதற்கு விதிகளை மாற்றினார்கள். இரு சேவைகளின் கணக்குகளையும் தானாக இணைப்பது சாத்தியமில்லை என்று வாங்கும்போது தவறான தகவல் தந்ததற்காக, 2017-இல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021-இல் விதிகளை மறுபடியும் மாற்றியதற்காக நம் நாட்டின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆக்டனும் கூமும் அதற்கு வெகுமுன்பே வெளியேறிவிட்டார்கள். 2025 ஜூனில் வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது என்ற அறிவிப்பும் வந்தது. காசு கொடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரை இலவச வாடிக்கையாளராக்கியது நிறுவனம்தான். அதைக் காரணம் காட்டி, கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறேன். எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், புதிய சேலை வந்த செய்தி அவர்களில் மிகச் சிலருக்கே போய்ச் சேருகிறது. பணம் கட்டி விளம்பரப்படுத்து என்கிறது அந்தத் தளம். என்ன செய்வது?
– சிறுதொழில் முனைவோர், சின்னாளப்பட்டி

சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரே அங்கே கடையும் போட்டு, மற்றக் கடைகளின் முன்னால் தட்டி வைத்து மறைத்து, தட்டியை விலக்கத் தனிக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? பெரிய தளங்களில் விற்பவர்களின் நிலை அதுதான். முதலில் வாங்குபவரைக் கவர்ந்தார்கள். வாங்குபவர் இருக்கும் இடத்தைத் தேடி விற்பவர் வந்து சேர்ந்தார். இருவரும் நகர முடியாமல் ஆனபின் இரு பக்கமும் எடுக்கிறார்கள். கட்டணங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் பல விற்பனையாளர்கள் தம் வருவாயில் ஏறக்குறைய பாதியை அமேசானுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் தொடுத்த மற்றொரு வழக்கில் குற்றஞ்சாட்டியது. 2024-இல் விளம்பரத்தால் மட்டும் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது 5,620 கோடி டாலர். இது பெரும்பாலும் விற்பனையாளர்கள் தம் பொருளைக் கண்ணில் படவைக்கக் கொடுத்த பணம்.

அந்தத் தளத்தை உடனே விட்டு வெளியேறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது பிழைப்பைக் கெடுக்கும் அறிவுரை. ஆனால் அங்கே வாங்குகிறவர்களின் சம்மதத்தோடு அவர்களுடைய கைபேசி எண்ணையும் முகவரியையும் உங்களுடைய சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். பின்தொடர்பவர் பட்டியல் தளத்துக்குச் சொந்தம். அந்த நோட்டு உங்களுக்குச் சொந்தம்.

இந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்த அரசால் முடியுமா, அல்லது நாம்தான் பொறுத்துக்கொண்டு போக வேண்டுமா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

முடியும், நாமே அதைச் செய்து காட்டியிருக்கிறோம். 2011 ஜனவரியில் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன்பு நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். எண் போனால் தொடர்புகள் போய்விடும். அந்த அச்சத்தாலேயே பலர் மோசமான சேவையைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். யுபிஐ அதைவிட நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் ஒரு செயலியிலும் கடைக்காரர் வேறொரு செயலியிலும் இருந்தாலும் பணம் போய்ச் சேருகிறது. அந்தப் பரிமாற்றங்களின் பெரும்பகுதியை இரண்டே செயலிகள் கையாள்கின்றன என்பது கவலைக்குரியதுதான். ஆயினும் அவற்றில் ஒன்று நாளை முரண்டு பிடித்தால், மாலைக்குள் வேறு செயலிக்குப் போய்விட உங்களால் முடியும். உங்கள் வங்கிக் கணக்கும் மற்றவர்களும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளில் இந்த வசதி இல்லை. வாட்ஸ்அப்பை விட்டு நான் போனால், பள்ளிப் பெற்றோர் குழுவும் குடியிருப்போர் சங்கமும் சொந்தபந்தமும் என்னோடு வரப்போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இதை நேராகத் தொட்டது: வேறு செயலி கேட்டுக்கொண்டால், அதில் இருப்பவரோடும் வாட்ஸ்அப் பயனர் பேசுவதற்கு வழி செய்தாக வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்கள் 2024 மார்ச் முதல் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நம் நாட்டில் அதே மாதத்தில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு வெளியாயிற்று, வெளியானதோடு நின்றுவிட்டது. தன் தகவல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இந்த விடுபடலைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசாதது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான கேள்வி வேறு இருக்க முடியாது.

படங்களை வரம்பில்லாமல் இலவசமாகச் சேமிக்கலாம் என்றார்கள். இப்போது இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டு என்று தினமும் அறிவிப்பு வருகிறது. பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதற்றம் வேண்டாம். நீங்கள் எந்தச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. இவ்வகையில் பெரியதான கூகுள் போட்டோஸை வைத்துச் சொல்கிறேன். 2015-இல் தொடங்கிய அந்த இலவசச் சலுகை 2021 ஜூன் 1-இல் முடிந்தது. அதன்பின் ஏற்றும் படங்கள், ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பொதுவான 15 ஜிபி-யில் கணக்காகும். கூகுள் டேக்அவுட் என்ற பகுதிக்குப் போய்ப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், சுருக்கப்பட்ட கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். இறக்குவதற்கான இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். தேதி முதலிய விவரங்கள் படத்தோடு சேர்ந்த தனிச் சிறு கோப்புகளில் வரும். குப்பை என்று நினைத்து அவற்றை நீக்கிவிடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, ஒன்றை மகன் அல்லது மகள் வீட்டில் வையுங்கள். செயலியில் ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலிருந்தும் அது போய்விடக்கூடும். ஆகவே படியெடுத்த படங்களைக் கணினியில் திறந்து பார்த்துச் சரியாக இருக்கின்றன என்று உறுதிசெய்யும் வரையில் எதையும் அழிக்க வேண்டாம்.