வாசகர் கேள்வி – பதில்: முற்றுகைக்குள் எழுதிய காணி உறுதி

கேள்வி: வேலையும் போய், அம்மாவும் படுக்கையில். நாங்கள் சைவம். பக்கத்து வீட்டு அக்கா தந்த வேதாகமத்தில் சங்கீதம் என்ற பாடல் நூலை வாசிக்கத் தொடங்கினேன். முறைப்பாடும் அழுகையுமாகக் கிடக்கிறது. யூதர்களின் இந்த வேதத்தில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? எதை முதலில் வாசிப்பது?
– வாசகி, சுன்னாகம்

பதில்: முறைப்பாட்டைத் தள்ளிவிட்டு ஆறுதலைத் தேடாதீர்கள். யூதர்களுக்கு அதுவும் வழிபாடுதான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொன்று புலம்பல். 13ஆவதில் தொடங்குங்கள், ஆறு வசனம்தான். முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' என்று நாலு தரம் கடவுளைக் கேட்கிறது. வாய்விட்டு வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தில் குரல் மாறும். நிலைமை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. 88ஆவது விடிவில்லாமலே முடிவது, இராத்தனிமையில் அதை எடுக்க வேண்டாம்.

பிறகு, எரேமியா என்ற தீர்க்கதரிசியின் நூலில் 32. நிதானமாக இருந்து வாசிக்க வேண்டிய அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்ன எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒன்றுவிட்ட சகோதரன் வந்து, ஆனதோத் ஊர்க் காணியை வாங்கச் சொல்கிறான். எரேமியா வாங்குகிறார்! 17 சேக்கல் வெள்ளியை (ஏறத்தாழ 190 கிராம்) தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதி, சாட்சிகள் ஒப்பமிட்டு, முத்திரை வைத்த பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைப்பிக்கிறார், நெடுங்காலம் கெடாதிருக்க. 1995 இடப்பெயர்வில் காணி உறுதியை மடியில் பொத்திக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்; அவர்களுக்கு இந்த இடம் விளக்கமில்லாமலே விளங்கும்.

இந்த நாட்டில் மறுபடியும் வீடும் காணியும் வாங்கப்படும் என்று வாக்களிக்கும் 15ஆம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். 25ஆம் வசனத்தில், நகரம் எதிரி கையில் போகும்போது என்னைக் காணி வாங்கச் சொன்னீரே என்று எரேமியாவே கேட்கிறார். கைச்சாத்து முதலில், கலக்கம் பிறகு. மனம் தெளியட்டும், அதன்பின் எழும்புவோம் என்று நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது எரேமியா 29:11இல். எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்று கடவுள் சொல்லும், சுவரில் மாட்டும் அந்த நல்வாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, விடிவு வரவில்லையே என்று சோர்ந்துபோவார்கள். அதற்கு முந்திய வசனமே 70 வருஷம் என்கிறது. 5ஆம் வசனம், சிறைப்பட்டுப் போன பாபிலோனிலேயே வீடு கட்டி, தோட்டம் வைத்து, அதன் பலனைச் சாப்பிடச் சொல்கிறது. உங்களுக்கு இப்போது கூடுதலாகப் பயன்படுவது இந்த 5ஆம் வசனம்தான்: அம்மாவின் இன்றைய மருந்து, இந்தக் கிழமை போட வேண்டிய விண்ணப்பம்.

'புலம்பல்' நூலை எடுத்தால் ஒரு வழக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைக்கும், யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் நாளில், யூதர்கள் தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ இருந்து அதை வாசிப்பார்கள். கடைசி வசனம் கைவிடப்பட்ட ஏக்கம். ஆகவே அதோடு நிறுத்தாமல், 'எங்களைத் திருப்பும், திரும்புவோம்' என்ற கருத்துள்ள 21ஆம் வசனத்தை மறுபடி சொல்லித்தான் முடிப்பார்கள்.

கேள்வி: அக்காவிடம் இருப்பது கத்தோலிக்கப் பதிப்பு. அது சரிவருமா?

பதில்: சரிவரும். அதில் சங்கீதத்தின் பெயர் 'திருப்பாடல்கள்'. தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் புதிய ஏற்பாடும் யூத வேதத் தொகுப்பில் இல்லாதவை.